முட்டிவலிக்குத் தைச்சியும் சீன மருத்துவமும்: சிங்கப்பூரில் தொடங்குகிறவர்களுக்கு

எனக்கு இடது முட்டி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் மின்தூக்கி பழுதான ஒரு வாரம் ஏழு மாடி ஏறி இறங்கியதில் ஆரம்பித்த வலி, மூன்று மாதமாகியும் போகவில்லை. அலுவலகத் தோழி ஒருத்தி "தைச்சி செய், கூடவே சின்சேயிடம் ஊசி போட்டுக்கொள், இரண்டும் சேர்ந்தால்தான் கேட்கும்" என்றாள். தைச்சி என்பது மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சி, சின்சே என்றால் சீன மருத்துவர், ஊசி என்றால் மருந்து ஏற்றாத மெல்லிய அக்குபங்சர் ஊசி. திங்கட்கிழமை வகுப்பில் சேர்ந்தேன், புதன்கிழமை சின்சேயிடம் போனேன். மூன்றாவது வாரம் முட்டி வீங்கிக்கொண்டது. மாத்திரையால் எப்போதும் 130-ஐத் தாண்டாத ரத்த அழுத்தம் 158 காட்டியது.

யாரைக் குறை சொல்வது? தைச்சி ஆசிரியர் "ஊசியால் இருக்கும்" என்றார். சின்சே "நிற்கும் முறை தப்பாக இருக்கும்" என்றார். பலதுறை மருந்தக (அரசு பாலிகிளினிக்) மருத்துவர் "என்னென்ன குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார், என்னால் பட்டியல் சொல்ல முடியவில்லை. மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். தபால்காரர் வேலையை நாம்தான் பார்க்க வேண்டும். எனக்கு இது புரிய நான்கு மாதமும் கொஞ்சம் பணமும் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது.

நான் எழுதுவது சிங்கப்பூர் நடைமுறை. மலேசியாவிலோ வேறு ஊரிலோ இருந்தால் பதிவு, ரசீது விஷயங்கள் மாறும். உடம்பு விஷயங்கள் பெரும்பாலும் மாறாது.

1. முதலில் பலதுறை மருந்தகம்

சின்சேக்கும் தைச்சிக்கும் முன்னால், வலி எதனால் என்று ஒரு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். முட்டிவலி என்றால் தேய்மானமா, சவ்வு கிழிசலா, யூரிக் அமிலமா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். முட்டி சிவந்து, சூடாகி, கூடவே காய்ச்சலும் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எதற்கு இது உதவும், எதற்கு உதவாது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். முட்டித் தேய்மானத்துக்குத் தைச்சி நல்லது என்பது பூங்காவில் பெரியவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சு மட்டும் இல்லை. அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரியின் 2019 நெறிமுறை அதை வலுவாகப் பரிந்துரைக்கிறது. அதே நெறிமுறை அக்குபங்சரையும் சொல்கிறது, ஆனால் அரைமனதாக. பாஸ்டனில் 204 பேரை வைத்துச் செய்து 2016-இல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு முறை வீதம் 12 வாரம் தைச்சி செய்தவர்களுக்கு, இயன்முறை சிகிச்சை எடுத்தவர்கள் அளவுக்கே வலி குறைந்தது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு உடல் சமநிலை மேம்படுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை நோயைத் தீர்க்கும், புற்றுநோயைக் கரைக்கும் என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

2. ஒரே ஒரு தாள்

இதைத்தான் நான் செய்யாமல் விட்டேன். ஒரு ஏ4 தாளில் இவற்றை எழுதி, கைப்பேசியில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

- தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம்.
- வீட்டு வைத்தியம், சித்த மருந்து, ஆயுர்வேத லேகியம், ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பொடி உட்பட எல்லாம். "அது மருந்தில்லை" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.
- ஒவ்வாமை.
- உடம்பில் இதயமுடுக்கி, உலோகத் தகடு ஏதாவது உண்டா. இதயமுடுக்கி இருந்தால் ஊசியில் மின்சாரம் வைக்கும் முறை கூடாது.
- கர்ப்பம், அல்லது அதற்கான வாய்ப்பு. சில புள்ளிகளில் ஊசி போட மாட்டார்கள், சில மூலிகைகளைத் தர மாட்டார்கள்.
- ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணு எளிதில் சிதையும் பிறவிக் குறை) உண்டா. இங்கே பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்துவிடுவார்கள். வெளியூரில் பிறந்த நம்மில் பலருக்குத் தெரியாது. குறைபாடு உள்ளவர்களுக்கு ஹுவாங் லியன், ஜின் யின் ஹுவா போன்ற சில சீன மூலிகைகள் ஆகாது.
- கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே முடிவு. ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் மூலம் நுழைந்தால் அரசு மருந்தகங்களில் எடுத்த பரிசோதனை முடிவுகள் கிடைக்கும்.

என் ரத்த அழுத்தம் ஏறியதற்குக் குற்றவாளி அதிமதுரம். தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று இரவில் அதிமதுரக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன். சின்சே கொடுத்த பொடியில் "கான் சாவ்" என்று ஒன்று இருந்தது. அதுவும் அதிமதுரம்தான். சீன மருந்துக் கலவைகளில் பாதிக்கு மேல் அது இருக்கும். மற்ற மூலிகைகளைச் சமாதானப்படுத்தி வைக்கும் பெரியவர் மாதிரி அதைச் சேர்ப்பார்கள். அளவுக்கு மேல் போனால் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். கஷாயத்தையும் பொடியையும் நிறுத்தச் சொன்னார் மருத்துவர். அழுத்தம் இறங்க மூன்று வாரம் ஆனது.

3. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள்

தைச்சியை முதலில் தொடங்குங்கள். குறைந்தது ஆறு வாரம் அது மட்டும். அப்புறம் சீன மருத்துவம். அப்போதுதான் எது என்ன செய்கிறது என்று தெரியும். வலி தாங்க முடியாத நிலை என்றால் வரிசையை மாற்றி, முதலில் ஊசி, வலி அடங்கியதும் தைச்சி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே வாரத்தில் இரண்டையும் தொடங்குவது மட்டும் வேண்டாம்.

4. வகுப்பும் ஆசிரியரும்

மூன்று வழி இருக்கிறது.

சமூக மன்ற வகுப்பு: இணையத்தில் ஒன்பிஏ தளத்தில் தேடிப் பதிவு செய்யலாம். பருவம் தொடங்கும் முன்பே இடம் நிரம்பிவிடும், முக்கியமாக மாலை 7 மணிக்கு மேல் நடக்கும் வகுப்புகள். நான் 12 வாரத்துக்கு 96 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினேன்.

பூங்கா, புளோக் கீழ்த்தளக் குழுக்கள்: பெரும்பாலும் இலவசம், அல்லது மாதம் சில வெள்ளி. காலை ஆறரை ஏழுக்குள் தொடங்கிவிடுவார்கள். தாவரவியல் பூங்காவில் காலையில் ஒரு சுற்று நடந்தால் நான்கைந்து குழுக்களைப் பார்க்கலாம். கற்றுக்கொடுப்பது குறைவு, பின்னால் நின்று பார்த்துச் செய்ய வேண்டியதுதான். புதியவருக்கு முட்டி கெடுவது இங்கேதான்.

60 வயது ஆனவர்களுக்குத் துடிப்பாக மூப்படையும் நிலையங்கள். அப்பா அம்மாவுக்குத் தேடுகிறீர்கள் என்றால் முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நிலையத்தில் விசாரியுங்கள்.

எந்தப் பாணி என்று குழம்ப வேண்டாம். சீனாவின் ஹெனான் மாநிலத்துச் சென் பாணியில் தாழ்ந்து நிற்பதும் குதிப்பதும் உண்டு. முட்டிக்காரர்களுக்கு ஆரம்பத்தில் அது வேண்டாம். யாங் பாணியின் 24 அசைவு வரிசைதான் பெரும்பாலான இடங்களில் சொல்லித் தருவது. வாரம் ஒரு வகுப்பு என்றால் முழு வரிசையும் மனப்பாடமாக ஆறு மாதம் பிடிக்கும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் பா துவான் ஜின் என்ற எட்டு அசைவுப் பயிற்சியில் தொடங்கலாம். ஒரு மாதத்தில் படிந்துவிடும், ஒரு சுற்றுக்கு பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம்தான்.

பா துவான் ஜின்னை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதன் அசைவுகளின் பெயரிலேயே மருத்துவம் இருக்கிறது. மூன்றாவது அசைவின் பெயர் மண்ணீரலையும் வயிற்றையும் சீர்செய்ய ஒரு கையை உயர்த்துவது. ஆறாவது, சிறுநீரகத்தையும் இடுப்பையும் வலுவாக்கக் கால்களைத் தொடுவது. சின்சே நோயைச் சொல்லும் மொழியும் ஆசிரியர் அசைவைச் சொல்லும் மொழியும் ஒன்று என்பதால், "எனக்கு எந்த அசைவு?" என்று கேட்டால் சின்சேயால் பதில் சொல்ல முடியும்.

ஆனால் எட்டையும் எல்லாரும் அப்படியே செய்ய வேண்டியதில்லை. ஐந்தாவது அசைவில் குதிரைச் சவாரி மாதிரி தாழ்ந்து நின்று தலையைச் சுழற்ற வேண்டும். முட்டிவலி, தலைச்சுற்றல் உள்ளவர்கள் உயரமாக நின்று பாதி அளவு செய்தால் போதும். ஆறாவதில் முழுக்கக் குனிவது முதுகுத் தட்டுப் பிரச்சினை, கண் அழுத்தம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேண்டாம். எட்டாவதில் குதிகாலைத் தூக்கித் தொம்மென்று இறக்குவார்கள். நீங்கள் மெதுவாக இறக்குங்கள்.

நல்ல ஆசிரியரை எப்படி அறிவது? முதல் வகுப்பில் "உடம்புக்கு ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கேட்கிறாரா பாருங்கள். உங்கள் காலைப் பார்த்துத் திருத்துகிறாரா பாருங்கள். இணையக் காணொளியில் வருவது மாதிரி தொடாமலே ஆளைத் தள்ளிவிடும் வித்தை காட்டுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

சீன மொழி தெரியாதது பெரிய தடை இல்லை, நான்கைந்து சொல் போதும். ஆசிரியரை எல்லாரும் "லாவ் ஷி" என்பார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். சுவோ இடது, யோ வலது. ஷி மூச்சை இழு, ஹு மூச்சை விடு. "ஃபாங் சொங்" என்று ஒரு நாளைக்கு ஐம்பது முறை கேட்பீர்கள். தளர்த்து என்று அர்த்தம். பெரும்பாலும் உங்கள் தோளைப் பார்த்துத்தான் சொல்வார்.

5. முட்டியைக் காப்பாற்றிக்கொள்வது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். தைச்சியால் முட்டி கெட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர், நான்காவது நான்.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், திரும்பும்போது. எடை முழுக்க இடது காலில் இருக்கிறது, பாதம் தரையில் ஒட்டியிருக்கிறது, இடுப்பு மட்டும் வலப்பக்கம் திரும்புகிறது. அந்தத் திருகல் எங்கே போகும்? நடுவில் இருக்கும் முட்டிக்குத்தான். துணி பிழிவது மாதிரி. ஒரு முறை செய்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வகுப்பில் நாற்பது முறை செய்தால் மறுநாள் காலை படிக்கட்டில் தெரியும்.

புது ஆசிரியர் ஒருவர் எனக்குத் திருத்திக் கொடுத்தது இது. திரும்பும் முன் எடையைப் பின்காலுக்கு மாற்றுங்கள். முன்காலின் பாதம் லேசாகும். குதிகாலை ஊன்றி அந்தப் பாதத்தை முதலில் திருப்புங்கள். அப்புறம் எடையைக் கொண்டு வாருங்கள். முட்டிச் சில்லு எப்போதும் இரண்டாவது கால்விரலைப் பார்த்திருக்க வேண்டும், விரல் நுனியைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. குனிந்து பார்த்தால் பெருவிரல் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முட்டி உள்பக்கம் விழுந்துவிட்டது.

எவ்வளவு தாழ்ந்து நிற்பது? உயரமாகவே நில்லுங்கள். பக்கத்தில் எழுபது வயது ஆண்டி (ஆன்ட்டி) தொடை தரைக்குக் கிடையாக நிற்பதைப் பார்த்து ரோஷம் வரும், எனக்கு வந்தது. அவர் முப்பது வருஷமாகச் செய்கிறார்.

காலணி: தட்டையான, மெல்லிய அடியுள்ள துணிக் காலணி. ஓடுவதற்கான தடித்த மெத்தைக் காலணி தரையைப் பிடித்துக்கொள்ளும், திரும்ப விடாது. 28 வெள்ளிக்கு வாங்கியது எனக்கு இன்னும் உழைக்கிறது.

6. சின்சேயைத் தேர்ந்தெடுப்பது

சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் சுகாதார அமைச்சின் கீழுள்ள பாரம்பரிய சீன மருத்துவர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். வாரியத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் பதிவு எண்ணும், தொழில் சான்றிதழ் நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். இரண்டு வகைப் பதிவு உண்டு: முழுச் சீன மருத்துவர், அக்குபங்சர் மட்டும் செய்பவர். மூலிகையும் வேண்டும் என்றால் முதல் வகையாக இருக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு பொறி. வெறும் மசாஜ், எலும்பு நீவிவிடும் "தியே தா" கடை, இவையெல்லாம் அந்தப் பதிவில் வராது. தற்காப்புக் கலை ஆசிரியர்கள் அடிபட்டதற்குத் தைலம் தடவுவது பழைய வழக்கம், பாசத்தோடு செய்வார்கள். தைலம் தோலுக்கு ஒத்துக்கொண்டால் சரி. ஆனால் உங்கள் ஆசிரியர் உள்ளுக்குச் சாப்பிட மாத்திரை கொடுத்தால், எவ்வளவு மரியாதைக்குரியவராக இருந்தாலும் வாங்காதீர்கள். பெயர் ஒட்டாத மாத்திரை இரண்டே நாளில் வலியை முழுக்கப் போக்கினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். "மூலிகை" என்று விற்ற வலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அப்படி ஒன்றைப் பல வாரம் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மாத்திரையோடு மருத்துவரிடம் போங்கள்.

பணம் பிரச்சினை என்றால் அறப்பணி மருந்தகங்கள் இருக்கின்றன. சின் சுவீ சாலையில் உள்ள தோங் சாய் மருத்துவக் கழகம் இனம், மதம் பார்க்காமல் இலவசமாகப் பார்ப்பதையே கொள்கையாக வைத்திருக்கிறது. தோ பாயோவில் உள்ள சுங் ஹுவா மருத்துவக் கழகத்தில் கட்டணம் குறைவு, வேறு இடங்களிலும் கிளைகள் உண்டு. இரண்டிலும் கூட்டம் இருக்கும். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், அடையாள அட்டை எடுத்துப் போங்கள். மருத்துவர் சீன மொழியில்தான் பேசுவார் என்ற பயம் இருந்தால் சீனம் தெரிந்த அண்டைவீட்டார் யாரையாவது துணைக்கு அழைத்துப் போங்கள். நான் மூன்றாவது மாடி ஆண்டியைக் கூட்டிப்போனேன், திரும்பும்போது ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

தனியார் மருந்தகம் என்றால் முதல் நாளே பத்து முறைக்கான தொகுப்பு வாங்கச் சொல்வார்கள். வாங்காதீர்கள். மூன்று முறை தனித்தனியாகப் போங்கள். மாற்றம் தெரிகிறதா என்று பார்த்து, தொடரலாமா என்று அப்புறம் முடிவு செய்யுங்கள்.

7. முதல் சந்திப்பு

அன்று காலை நாக்கை வழிக்காதீர்கள். கோப்பி, மஞ்சள் பால், பீட்ரூட், வெற்றிலை எதுவும் வேண்டாம். நாக்கின் நிறத்தைப் பார்த்துத்தான் பாதி முடிவு செய்வார்கள். தைச்சி வகுப்பிலிருந்து நேராக ஓடாதீர்கள், நாடி வேகமாக இருக்கும். கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், ஊசி போடும்போது மயக்கம் வரலாம். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனால் சரியாக இருக்கும்.

இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். தூக்கம், வியர்வை, மலம், மாதவிடாய் எல்லாம் கேட்பார். கூச்சப்படாமல் சொல்லுங்கள். உங்கள் தாளைக் கொடுங்கள்.

அப்புறம் ஒரு குண்டு போடுவார்: "உன் சிறுநீரகம் பலவீனம்." நான் வெலவெலத்துப் போனேன். என் கணவர் அன்றைக்கே கிரியாட்டினின் பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிட்டார். முடிவு சாதாரணம். சீன மருத்துவத்தில் சிறுநீரகம் என்பது எலும்பு, இடுப்பு, முட்டி, வயதாவது எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு. ரத்தப் பரிசோதனையில் வரும் சிறுநீரகத்தோடு அதை ஒன்றாக்கக் கூடாது. கல்லீரல், மண்ணீரல் என்று அவர்கள் சொல்வதும் அப்படியே. நேர்மாறாகவும் தப்பு நடக்கும். நிஜமாகவே சிறுநீரக நோய் உள்ளவர் "சின்சே வலுவாக்க மருந்து கொடுத்தார்" என்று குடிக்கக் கூடாது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள சில மூலிகைகள் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்தவை, இங்கே தடை செய்யப்பட்டவை. ஊரிலிருந்தோ இணையத்திலிருந்தோ வரும் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சூடு, குளிர்ச்சி என்ற பேச்சு நமக்குப் பழக்கம்தான். இஞ்சி சூடு, தர்பூசணி குளிர்ச்சி என்பதில் சின்சேயும் பாட்டியும் ஒரே கட்சி. தயிரில் பிரிந்துவிடுவார்கள். நமக்கு மோர் குளிர்ச்சி, நல்லது. அவர்களுக்குப் பால் பொருள் உடம்பில் ஈரத்தைச் சேர்க்கும், முட்டி வீங்கியவர் குறைக்க வேண்டும். எனக்கு மூன்று வாரம் தயிர்சாதம் கிடையாது என்றார். ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன்.

ஊசி: பிரிக்காத உறையிலிருந்து எடுத்து, ஒரு முறை பயன்படுத்தி எறிவதாக இருக்க வேண்டும், பாருங்கள். குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி. அப்புறம் சின்சே ஊசியைத் திருகிக்கொண்டே "சுவான் மா?" என்று கேட்பார். கூட வந்த ஆண்டி "புளிப்பா இருக்கா என்று கேட்கிறார்" என்று மொழிபெயர்த்தார். முட்டியில் என்ன புளிப்பு! சீனத்தில் புளிப்புக்கும் தசைக் கடுப்புக்கும் ஒரே சொல்லாம். கனமாக, கடுப்பாக, லேசாக மரத்தது மாதிரி இருந்தால் தலையாட்டுங்கள், அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். சுரீரென்று மின்சாரம் அடித்தது மாதிரி இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் ஊசிக்கும் கப்பிங்குக்கும் (தோலில் கிண்ணம் ஒட்டி உறிஞ்சும் முறை) முன்பே சொல்ல வேண்டும்.

8. மருந்துப் பொட்டலம்

சைவமா, ஹலாலா? மருந்து எழுதும் முன் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் வேர், பட்டை, பூ நடுவே கத்தரிக்காய் வற்றல் மாதிரி சுருண்ட பழுப்புப் பட்டைகள். மருந்தகத்துக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். "மண்புழு. மூட்டுக்கு நல்லது" என்று பதில் வந்தது. பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன். சில் வண்டின் தோல், கழுதைத் தோல் பசை, மாட்டுப் பித்தக் கல், சிப்பி ஓடு எல்லாமே இந்த மருத்துவத்தில் உண்டு. தாவரம் மட்டும் வேண்டும் என்றால் மாற்றி எழுதித் தருவார்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்று வடிவத்தில் தருவார்கள். பொடி: வெந்நீரில் கரைத்துக் குடிப்பது, அலுவலகம் போகிறவர்களுக்கு இதுதான் சரி. உலர்ந்த மூலிகை: நம் கஷாயம் போலவே, அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணத்துக்குச் சற்றுக் குறைவாக வற்றும்வரை மண்பானையில் காய்ச்ச வேண்டும், இரும்பு, அலுமினியப் பாத்திரம் வேண்டாம். மூன்றாவது, அவர்களே காய்ச்சிப் பையில் அடைத்துத் தருவது, விலை கூடுதல்.

எந்த வடிவமானாலும் உள்ளே இருப்பவற்றின் பெயர்களை எழுதி வாங்குங்கள். தந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாகக் கேளுங்கள். அந்தத் தாளைத்தான் நீங்கள் மருத்துவரிடம் காட்டப் போகிறீர்கள்.

நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை: வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கு "தான் ஷென்", "தாங் குவெய்" என்ற சீன மூலிகைகள் இரண்டும் ஆகாது, ரத்தக்கசிவு ஆபத்து. சர்க்கரை மாத்திரையோடு ஹுவாங் லியன், கூடவே பாகற்காய்ச் சாறும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். "ஆங்கில மருந்துக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்" என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். வயிற்றில் கலக்காமலிருக்க அது உதவும். ரத்தத்தில் நாள்முழுக்க இருக்கும் வார்ஃபரினுக்கு இரண்டு மணி நேரம் ஒரு கணக்கே இல்லை.

உங்கள் பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சின்சேயிடம் மறுபடி போகாதீர்கள்.

9. ஒரு வாரம் எப்படி இருக்கும்

இப்போது என் வாரம் இப்படி. தினமும் காலை ஆறே முக்காலுக்குப் பா துவான் ஜின் ஒரு சுற்று, புளோக் கீழ்த்தளத்தில். செவ்வாய் இரவு தைச்சி வகுப்பு. வெள்ளி மாலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி. ஊசி போட்ட அன்று இரவு பயிற்சி இல்லை, மறுநாள் காலை உயரமாக நின்று பாதி அளவு. கப்பிங் வைத்தால் அன்று குளிர்ந்த நீரில் குளியல் வேண்டாம், குளிர்சாதனக் காற்று நேரே படும்படி உட்காரவும் வேண்டாம் என்பார்கள். வட்ட வட்டமாகக் கன்றிய தடம் மறைய ஒரு வாரம் ஆகலாம். சேலை, தாழ்கழுத்து ரவிக்கை போடும் கல்யாணம் எதுவும் அந்த வாரம் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன நோட்டில் தேதி, வலி பத்துக்கு எவ்வளவு, ரத்த அழுத்தம், அன்று என்ன செய்தேன் என்று நாலு வரி. ஆறு வாரக் குறிப்பைப் பார்த்தபோதுதான், ஊசி போட்ட இரண்டு நாளுக்கு வலி ஆறிலிருந்து மூன்றாகி, மறுபடி ஐந்துக்கு ஏறுவது தெரிந்தது. தைச்சியால் குறைந்தது மெதுவாக, ஆனால் ஏறவில்லை. அதைக் காட்டியதும் சின்சேயே வாரம் ஒருமுறை ஊசியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்கினார்.

10. செலவு, ரசீது, மருத்துவ விடுப்புச் சான்று (எம்சி)

இரண்டாம் முறை ஒழுங்காகத் தொடங்கியபோது மூன்று மாதத்தில் எனக்கு ஆனது: வகுப்பு 96, காலணி 28, ஆறு முறை ஊசி தலா 50 வீதம் 300, ஆலோசனை ஆறு முறை தலா 20 வீதம் 120, பொடி 28 நாளுக்கு நாளொன்றுக்கு 5 வீதம் 140. மொத்தம் 684 வெள்ளி. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்க முடியவில்லை, அரசின் மருத்துவ உதவிக்கான சாஸ் அட்டையும் செல்லவில்லை; எல்லாம் கைக்காசு. சில நிறுவனங்களின் மருத்துவச் சலுகையில் சீன மருத்துவமும் அடங்கும், மனிதவளப் பிரிவில் முதலில் கேட்டுவிடுங்கள். ரசீதில் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், ஆலோசனை, ஊசி, மருந்து மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். "சிகிச்சை 75 வெள்ளி" என்று ஒரே வரியில் எழுதிய என் இரண்டு ரசீதுகள் திரும்பி வந்துவிட்டன.

எம்சி விஷயத்தில் ஏமாறாதீர்கள். சின்சே எம்சி எழுதிக் கொடுப்பார். அதை ஏற்றுச் சம்பளத்தோடு விடுப்புத் தர வேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்குச் சட்டப்படி இல்லை. வேலை அனுமதியில் இருப்பவர்கள் இதைக் குறிப்பாக நினைவில் வையுங்கள். முட்டி பிடித்துக்கொண்டு நடக்க முடியாத நாளில் எம்சிக்குப் பலதுறை மருந்தகமோ குடும்ப மருத்துவரோதான்.

11. நாட்காட்டி

தொடங்குவதற்குச் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மாதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பண்டிகையையொட்டி மருந்தகங்கள் பல நாள் மூடியிருக்கும், வகுப்பும் நின்றுவிடும், பூங்காக் குழு ஆண்டிகள் எல்லாம் பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள். நடுவில் இருக்கிறீர்கள் என்றால் பொடியை இரண்டு வாரம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். புத்தாண்டு முதல் நாள் மருந்து குடித்தால் வருஷம் முழுக்கக் குடிக்க வேண்டி வரும் என்று மூன்றாவது மாடி ஆண்டி எச்சரித்தார். அன்று ஒரு நாள் மட்டும் நான் பொடியைக் கரைக்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் அவருக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டேன்.